ஒலியளவுக் குமிழும் ஒலிப்பண்பும்: பேஸ் கித்தார் புகட்டும் பாடம்

சாதனங்களின் குமிழ்களில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர்களை நாம் பெரும்பாலும் ஐயமின்றி நம்பிவிடுகிறோம். 'ஒலியளவு' என்று எழுதியிருந்தால், அது ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே செய்யும் என்று கொள்கிறோம். 'டோன்' என்று எழுதியிருந்தால், ஒலியின் பண்பை மாற்றுவது அது ஒன்றே என்று கருதுகிறோம். இவ்விரண்டும் தனித்தனிக் காரியங்கள், ஒன்றை மற்றொன்று தொடாது என்பது நம் எண்ணம். மின்சார பேஸ் கித்தாரை ஆராய்ந்தால் இவ்வெண்ணம் நிலைத்து நிற்காது. இரண்டு பிக்கப்புகளும் இரண்டு ஒலியளவுக் குமிழ்களும் கொண்ட பேஸ் கித்தாரில், ஒலிப்பண்பைப் பெரிதும் நிருணயிப்பவை அவ்வொலியளவுக் குமிழ்களே. இதற்குக் காரணமான தத்துவமோ, மின்சுற்றுப் பாடத்தில் நாம் விரைந்து கடந்துவிடுகின்ற ஒன்று. ஆகவே இக்கருவியை வகுப்பறைக்குள் வரவேற்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

கருவியின் வரலாறு

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் புல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-ஆம் ஆண்டில் 'பிரசிஷன் பேஸ்' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆள் உயரமுள்ள பழைய பேஸ் வயலினைத் தூக்கிச் சுமந்த வாத்தியக்காரர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும் இக்கருவி பெரும் வசதியாயிற்று. அதில் இருந்தது ஒரே ஒரு பிக்கப். 1960-ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனமே 'ஜாஸ் பேஸ்' என்ற மற்றொரு கருவியை வெளியிட்டது. அதில் இரண்டு பிக்கப்புகள் அமைந்தன. ஒன்று கழுத்துப்புறம் தள்ளியும், மற்றொன்று தந்திகள் முடியும் குதிரைக்கு அருகிலும் பொருத்தப்பட்டன. முதலில் வந்தவற்றில் ஒரே அச்சில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குமிழ்கள் அமைந்த இரண்டு அடுக்குகள் இருந்தன. 1962-ஆம் ஆண்டளவில் அவ்வேற்பாடு மாறி, பிக்கப்புக்கு ஒன்றாக இரண்டு ஒலியளவுக் குமிழ்களும், இரண்டுக்கும் பொதுவான ஒரு டோன் குமிழுமாக மூன்று குமிழ்கள் வந்தன. இந்த மூன்று குமிழ் அமைப்பையே இன்றும் உலகெங்கும் பலர் பின்பற்றுகின்றனர். நாம் ஆராயப்போவதும் இதுவே.

பிக்கப் என்பது நிலைக்காந்தங்களைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிய ஒரு கம்பிச்சுருள். எஃகுத் தந்தி அதன் மேல் அதிரும்போது சுருளினூடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஃபாரடே 1831-ஆம் ஆண்டில் கண்ட மின்காந்தத் தூண்டல் விதியே இங்குத் தொழிற்படுகிறது. இத்தகைய சுருளின் மின்தடை ஏறத்தாழ 7,500 ஓம் எனவும், தன்தூண்டல் சில ஹென்றிகள் எனவும் கொள்ளலாம். இந்த 7,500 ஓம் என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் வரும் வாதம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது.

இடத்தால் வரும் வேறுபாடு

ஒரே தந்தி அதிரும்போது இரண்டு பிக்கப்புகளும் ஏன் வெவ்வேறு ஒலியைத் தருகின்றன? தந்தியின் அதிர்வு தனியொரு அதிர்வன்று. அடிப்படைச் சுரமும், அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வெண்கள் கொண்ட மேற்சுரங்களும் கலந்த கூட்டு. ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் தந்தியின் மேல் சில கணுப்புள்ளிகள் உண்டு. அப்புள்ளிகளில் அம்மேற்சுரத்தின் அசைவு இராது. ஆகவே ஒரு கணுவுக்கு நேர் கீழே அமைந்த பிக்கப்புக்கு அந்த மேற்சுரம் ஏறக்குறையக் கேட்காது.

இதற்கு இணையான ஓர் உண்மை இயற்பியலில் பழமையானது. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழா என்பது தாமஸ் யங்கின் பெயரால் வழங்கும் விதி. தம்பூரும் வீணையும் தம் வளைந்த குதிரையின் காரணமாக இவ்விதிக்கு அடங்குவதில்லை என்று ஸி. வி. ராமன் 1921-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார் என்பதை இங்கு நினைவுகூர்வது தகும். பேஸ் கித்தாரில் மீட்டும் இடத்தோடு, கேட்கும் இடமும் வினாவாகிறது. பிக்கப் என்பது தந்தியின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைக்கப்பட்ட காது.

கணக்கின் எளிமைக்காக ஒரு பிக்கப் குதிரையிலிருந்து தந்தி நீளத்தில் ஆறில் ஒரு பங்கு தொலைவிலும், மற்றொன்று பத்தில் ஒரு பங்கு தொலைவிலும் உள்ளன என்று கொள்வோம். தந்தியின் நீளம் 34 அங்குலம். ஆகவே இத்தொலைவுகள் முறையே சுமார் 14.4 சென்டிமீட்டரும் 8.6 சென்டிமீட்டரும் ஆகும். முதல் பிக்கப்புக்கு ஆறாவது மேற்சுரம் கேட்காது. இரண்டாவதற்குப் பத்தாவது கேட்காது. அடிப்படைச் சுரத்தை முதலாவது 0.50 என்ற அளவிலும், இரண்டாவது 0.31 என்ற அளவிலும் பெறுகின்றன. ஆதலின் கழுத்துப்புறப் பிக்கப் கனமாகவும், குதிரைப்புறப் பிக்கப் மெலிந்தும் கூர்மையாகவும் ஒலிக்கின்றன.

இரண்டையும் கலக்கும்போது என்ன நேர்கிறது? கீழ்ச்சுரங்களில் இரண்டு பிக்கப்புகளும் ஒரே திசையில் அசைவைக் காண்கின்றன. ஆதலால் அவற்றின் அழுத்தங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. எட்டாவது சுரத்திலோ நிலைமை வேறு. முதல் பிக்கப்பின் அளவு −0.87, இரண்டாவதன் அளவு +0.59. ஒன்று மேலே செல்லும் தந்தியைக் காணும்போது மற்றொன்று கீழே வரும் தந்தியைக் காண்கிறது. கூட்டினால் எஞ்சுவது −0.28 மட்டுமே. ஏழாவது சுரமும் இவ்வாறே தேய்கிறது. வினாடிக்கு 41.2 அதிர்வுகள் கொண்ட மிகக் கீழான தந்தியில் எட்டாவது சுரம் 330 அதிர்வுகளுக்கு அருகில் விழுகிறது. ஆகவே இரண்டு குமிழ்களையும் முழுமையாகத் திறந்தால் நடுப்பகுதி ஒலிகள் குழிந்து, கனமும் கூர்மையும் எஞ்சுகின்றன. மார்கஸ் மில்லர் போன்றோர் கட்டைவிரலால் தந்தியைத் தட்டி வாசிக்கும் பாணியில் கேட்கும் ஒலி இவ்வகையைச் சேர்ந்தது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் குதிரைப்புறப் பிக்கப்பையே பெரிதும் சார்ந்து வாசித்தார். அவருடைய 1976-ஆம் ஆண்டு இசைத்தட்டில் கேட்கும் ஒலி, பாடும் குரல்போல் நடுப்பகுதி நிறைந்தது. இரண்டும் ஜாஸ் பேஸின் ஒலிகளே.

இதில் மாணாக்கர்க்குச் சுவை தரும் ஒரு நுட்பமும் உண்டு. விரலைப் பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தினால் தந்தியின் நீளம் பாதியாகிறது. அப்போது பிக்கப்புகள் மூன்றில் ஒரு பங்கிலும் ஐந்தில் ஒரு பங்கிலும் அமைந்தவையாகின்றன. இப்போது தேய்வது நான்காவது சுரம். அடிப்படை அதிர்வெண்ணோ இரட்டித்து 82.4 ஆகியிருக்கிறது, அதன் நான்மடங்கும் 330-ஐ ஒட்டியே நிற்கிறது. விரல் எங்குச் சென்றாலும் ஒரு தந்திக்குரிய குழிவு அதே அதிர்வெண்ணில் நிலைத்து நிற்கிறது என்பது பெறப்படும். பிக்கப்புகளின் இடமும் தந்தியில் அலை செல்லும் வேகமும் மாறாதிருப்பதே இதற்குக் காரணம். உண்மையான கருவியில் பிக்கப்புக்கு ஓரளவு அகலம் உண்டு. தந்திக்கும் விறைப்பு உண்டு. ஆதலால் தேய்வு இக்கணக்கு காட்டுமளவு துல்லியமாக இராது. ஆயினும் போக்கு இதுவே.

குமிழைச் சிறிது திருப்பினால்

இனி வாதத்தின் மையத்துக்கு வருவோம். இரண்டு பிக்கப்புகளையும் முழுமையாகத் திறந்தால் ஒலியளவு இரட்டிக்கும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். அவ்வாறு நிகழ்வதில்லை. இரண்டு சுருள்களும் பக்க இணைப்பில் சேர்கின்றன. ஒவ்வொன்றும் மற்றதற்குச் சுமையாகிறது. சமமான இரண்டு சுருள்கள் இவ்வாறு சேரும்போது வெளிவருவது அவற்றின் அழுத்தங்களின் கூட்டல் அன்று, சராசரியே. ஒவ்வொன்றும் தன் அழுத்தத்தில் பாதியை மட்டும் அளிக்கிறது.

இப்போது ஒரு குமிழைச் சற்றே குறைப்போம். ஜாஸ் பேஸில் வழங்கும் மாறுதடையின் முழு மதிப்பு 2,50,000 ஓம். பிக்கப் அதன் நடு முனையிலும், வெளியீடு ஓர முனையிலும் இணைக்கப்பட்டுள்ளன. குமிழைக் குறைத்தால் பிக்கப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே தொடர்தடை நுழைகிறது. அது முழு மதிப்பில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25,000 ஓம் என்று கொள்வோம். முதல் சுருளின் தடை 7,500 ஓம். இரண்டாவது சுருளும் இத்தொடர்தடையும் சேர்ந்து 32,500 ஓம். இவ்விரு வழிகளும் சந்திக்கும் புள்ளியில் முதல் பிக்கப்பின் பங்கு 32,500-ஐ 40,000-ஆல் வகுத்தது, அதாவது 81 விழுக்காடு. இரண்டாவதன் பங்கு 19 விழுக்காடு. பத்தில் ஒரு பங்குத் தடையே ஐம்பதுக்கு ஐம்பதாக இருந்த கலவையை எண்பத்தொன்றுக்குப் பத்தொன்பதாக மாற்றிவிட்டது. இது தாழ்ந்த அதிர்வெண்களுக்குரிய கணக்கு. உயர்ந்த அதிர்வெண்களில் சுருளின் தன்தூண்டலால் அதன் மறுப்பு மிகுகிறது. ஆகவே பங்குகளும் வேறுபடுகின்றன. ஒரே குமிழ் நிலையில் கீழ்ச்சுரங்கள் ஒரு விகிதத்திலும் மேற்சுரங்கள் மற்றொரு விகிதத்திலும் கலக்கின்றன என்பது இதன் பொருள்.

குமிழின் முதல் சிறு அசைவில் ஒலிப்பண்பு விரைந்து மாறுவதையும், பின்னர் நெடுந்தொலைவு திருப்பியும் மாற்றம் குறைவாகவே தோன்றுவதையும் வாத்தியக்காரர்கள் அனுபவத்தால் அறிவர். அது கருவியின் பழுதன்று. மேற்காட்டிய பின்னத்தின் இயல்பே அது.

இரைச்சலும் இதே வழியில் நடக்கிறது. ஜாஸ் பேஸின் இரு சுருள்களும் எதிரெதிர்த் திசைகளில் சுற்றப்பட்டு, எதிரெதிர்க் காந்தமுனைகளுடன் அமைந்துள்ளன. தந்தியின் ஒலி இரண்டிலும் ஒத்த திசையில் எழும். சுற்றிலுமுள்ள மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் எதிர்த்திசையில் எழும். நம் நாட்டில் அவ்விரைச்சலின் அடிப்படை வினாடிக்கு 50 அதிர்வுகள். இரண்டு குமிழ்களும் முழுமையாகத் திறந்திருக்கும்போது பாதியும் பாதியும் கழிந்து இரைச்சல் அடங்குகிறது. மேற்சொன்னபடி ஒன்றைச் சற்றே குறைத்தால், 0.81-இலிருந்து 0.19 கழிந்து 0.62 எஞ்சும், அதாவது ஒற்றைப் பிக்கப்பின் இரைச்சலில் அறுபத்திரண்டு விழுக்காடு திரும்பிவிடுகிறது. இதை அறியாதவர் கம்பியில் பழுது என்றோ, ஒலிபெருக்கியில் கோளாறு என்றோ எண்ணிப் பொருளையும் காலத்தையும் வீணாக்க நேரும்.

கேபிளும் இக்கதையில் ஒரு பாத்திரம். ஐந்து மீட்டர் கேபிளின் மின்தேக்கம் ஏறத்தாழ 500 பைக்கோஃபாரட். 3.5 ஹென்றி தன்தூண்டலுடன் அது வினாடிக்கு 3,800 அதிர்வுகளுக்கு அருகில் ஒத்ததிர்வை உண்டாக்கும். இரண்டு சுருள்கள் பக்க இணைப்பில் சேர்ந்தால் தன்தூண்டல் பாதியாகும். ஒத்ததிர்வு மேலே ஏறும். ஆகவே 'ஒலியளவு' என்று பெயரிட்ட குமிழைத் தொட்டவுடன் கலவை, குழிவு, இரைச்சல், ஒத்ததிர்வு ஆகிய நான்கும் இடம் மாறுகின்றன. டோன் குமிழ் செய்வது மேல் அதிர்வுகளை ஒரு மின்தேக்கியின் வழியே நிலத்துக்கு அனுப்புவது மாத்திரமே.

எதிர்வாதங்கள்

இவ்வளவு சிக்கலும் எதற்கு? இரண்டு பிக்கப்புகளுக்கும் இடையே மின்கலத்தால் இயங்கும் தனித்தனி இடைப்பெருக்கிகளை வைத்துவிட்டால் ஒன்று மற்றதற்குச் சுமையாகாதே என்று சிலர் வினவுவர். அது உண்மையே. அத்தகைய கருவிகளில் கலவை மெய்யான கூட்டலாக நடக்கிறது. குமிழும் தன் பெயருக்குரிய வேலையைச் செய்கிறது. ஒரே குமிழில் இரு தடைகளை அமைத்து, நடுவில் நிறுத்தினால் இரண்டும் முழுமை, ஒருபுறம் திருப்பினால் மற்றது குறையும் என்ற கலவைக் குமிழும் நடைமுறையில் உள்ளது. அது விரைவில் கைக்கு எட்டும் வசதி. இவற்றை நாம் குறைகூறவில்லை. எனினும் மின்கலம் தீர்ந்தால் இடைப்பெருக்கி ஓய்ந்துவிடும். இடைப்பெருக்கி இல்லாத கலவைக் குமிழிலோ மேற்சொன்ன சுமை விதி அப்படியே இருக்கிறது. தப்பிக்க இயலாத ஒன்றை அறிந்துகொள்வதே முறை.

ஒலியை உண்டாக்குவது விரலே, குமிழன்று என்று கூறுவோரும் உண்டு. இதிலும் பெரும் உண்மை இருக்கிறது. மோடவுன் இசைத்தட்டுகளில் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பிரசிஷன் பேஸில் பிக்கப்புகளைக் கலக்கும் வாய்ப்பே இல்லை. தந்தியின் தரம், மீட்டும் இடம், விரலின் அழுத்தம் ஆகியவை முதலிடம் பெறுகின்றன. ஆயினும் விரலின் திறமை குமிழின் இயற்பியலைப் பொய்யாக்கிவிடாது. குமிழை அறியாமல் புதிய பிக்கப் வாங்கிப் பொருத்துவோர், கையிலுள்ள கருவியின் பாதி ஒலிகளையேனும் கேட்டுப் பார்த்தனரா என்று கேட்பது தவறாகாது.

வகுப்பறைக்கும் களத்துக்கும்

மின்னழுத்தப் பங்கீட்டைக் கற்பிக்கும்போது மூலத்துக்கு உள்தடை இல்லை என்றும், அளக்கும் கருவி சுற்றிலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்றும் கொண்டு நாம் கணக்குப் போடுகிறோம். தொடக்கத்துக்கு இது பொருந்தும். அதோடு நிறுத்திவிட்டால் மாணாக்கன் பிற்காலத்தில் களத்தில் இடர்ப்படுவான். இதனைப் பேஸ் கித்தார் இல்லாமலேயே மேசைமேல் காட்டலாம். இரண்டு உலர்மின்கலங்களைத் தொடராக வைத்து 3 வோல்ட் பெறுக. மற்றொரு கலத்திலிருந்து 1.5 வோல்ட் பெறுக. இரண்டின் எதிர்முனைகளையும் ஒன்றாக இணைத்து, நேர்முனைகளை ஒவ்வொன்றும் 10,000 ஓம் தடையின் வழியே ஒரே புள்ளியில் சேர்க்க. 4.5 வோல்ட் வரும் என்று மாணாக்கர் எதிர்பார்ப்பர். 10 மெகாஓம் உள்தடை கொண்ட எண்காட்டி மீட்டரோ 2.25 வோல்ட் காட்டும். இதுவே சராசரி. இனி 1.5 வோல்ட் வழியில் மேலும் 30,000 ஓம் சேர்த்தால் மீட்டர் 2.7 வோல்ட் காட்டும். இரண்டு பிக்கப்புகளின் கதை முழுவதும் இவ்விரு எண்களில் அடங்கியிருக்கிறது.

இன்னும் ஒரு படி செல்லலாம். அந்த 2.25 வோல்ட் புள்ளியை, வோல்டுக்கு 1,000 ஓம் வகையைச் சேர்ந்த பழைய முள் மீட்டரால் 10 வோல்ட் எல்லையில் அளந்தால் அது 1.5 வோல்ட் மட்டுமே காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. தான் சுமையாகச் சேர்ந்தபின் அங்கு உள்ளதையே அது சொல்கிறது. மீட்டர் காட்டிய எண்ணைச் சுற்றின் எண்ணாகக் குறித்துக்கொள்ளும் களப்பணியாளர், பழுதற்ற பாகத்தைப் பழுதென்று கழற்றக்கூடும். பழுதான பாகத்தை நல்லதென்று விட்டுவிடவும் கூடும். பொதுக்கூட்டத்தில் இரண்டு மைக்குகளை ஒரே இணைப்பில் சேர்த்துச் சொருகி, இரண்டும் மெலிந்துவிட்டன என்று வியப்பவர் காண்பதும் இதே விதியை. ஒவ்வொரு மைக்கும் மற்றதற்குச் சுமையாகிவிட்டது. தனித்தனி வாயில்கள் கொண்ட கலப்பியை உபயோகிப்பதே அதற்கு மாற்று.

ஆகவே ஆசிரியர்களுக்கு நாம் கூற விரும்புவது இது. மாணாக்கரிடையே பேஸ் கித்தார் வாசிப்பவர் ஒருவரேனும் இருந்தால் அக்கருவியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் ஒவ்வொரு பிக்கப்பையும் தனியாகவும், பின் இரண்டையும் முழுமையாகவும், அதன்பின் ஒன்றைச் சிறிது குறைத்தும் வாசிக்கச் செய்யுங்கள். ஒவ்வொரு நிலையிலும் மாறியது என்ன என்பதை மாணாக்கர் தம் சொற்களில் எழுதட்டும். கணக்கைப் பிறகு போடலாம். காதால் கேட்ட வேறுபாட்டுக்குக் காரணம் தேடும் மாணாக்கன், கரும்பலகையில் கண்ட சூத்திரத்தை ஒப்பிப்பவனைக் காட்டிலும் ஆழமாகக் கற்பான்.

பள்ளிகளுக்கோ இளைஞர் மன்றங்களுக்கோ பொதுப்பணத்தில் இக்கருவி வாங்க நேர்ந்தால், இரண்டு ஒலியளவுக் குமிழ்களும் ஒரு டோன் குமிழும் கொண்ட, மின்கலம் வேண்டாத கருவியையே முதலில் தேர்ந்துகொள்வது நலம் என்பது எம் அபிப்பிராயம். அதில் செலவு குறைவு என்பதோடு, மறைந்து நிற்கும் இடைப்பெருக்கி எதுவும் இல்லாமையால் காரணமும் காரியமும் நேரே தெரியும். குமிழ்களின் பெயரைக் குறித்தும் சிறிது சிந்திக்கலாம். 'ஒலியளவு ஒன்று', 'ஒலியளவு இரண்டு' என்பதற்குப் பதிலாகக் 'கழுத்துப்புறப் பங்கு', 'குதிரைப்புறப் பங்கு' என்று ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டினால் போதும். பங்கு என்று அறிந்தவன், ஒன்று குறைந்தால் மற்றொன்று மிகும் என்பதைத் தானே உணர்வான்.

எந்தச் சுற்றிலும் ஒரு பாகம் தனித்து நிற்பதில்லை. அளப்பவரும் சேர்ப்பவரும் திருப்புபவரும் அச்சுற்றின் உறுப்பினர்களே. இவ்வுண்மையை மாணாக்கர் பதினைந்து வயதில் கற்றுக்கொண்டால், நாளை அவர்கள் கையில் எடுக்கும் ஒவ்வொரு மீட்டரும் மெய்யை உரைக்கும்.